மலைக்கு அந்தப் பக்கம் துடுப்பு: போடியிலிருந்து பெரியாற்றுக்கு ஒரு பகல்

கொட்டகுடி ஆற்றைப் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் கேட்பது: இதில் படகு விடலாமா? விடக் கூடாது. ஒரு பகல் துடுப்புப் பயணத்துக்கான திட்டமே இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.

குரங்கணிக்கு மேலேயுள்ள சரிவுகளில் ஊறி, பாறைகளுக்கு நடுவே சடசடவென்று இறங்கி, போடியை ஒட்டி ஓடித் தேனிப் பக்கம் வைகையோடு கலக்கும் ஆறு அது. மலைக்கும் ஊருக்கும் இடையே அதற்கு இருக்கும் தூரம் மிகக் குறைவு, இறக்கமோ அதிகம். கோடையில் கணுக்கால் அளவு தண்ணீர். மழையில் பாறையை உருட்டும் வெள்ளம். இரண்டுக்கும் இடையில் படகு மிதக்கும் நிலை ஒன்று நிதானமாக அமைவதே இல்லை. போடியில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே டாப் ஸ்டேஷன் பக்கம் வானம் கருத்திருக்கும். தெளிந்து ஓடிய தண்ணீர் செந்நிறமாக மாறி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் வெள்ளம் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். கரையேற அப்போது கிடைப்பது மிகக் குறைந்த நேரம். தடுப்பணையில் குளிக்கப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இந்த மலையின் மழை எப்படிப்பட்டது என்பதற்கு 1924 ஜூலையைத்தான் இன்றும் சொல்வார்கள். மூணாறு தேயிலை அப்போது ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போய்க்கொண்டிருந்தது. அந்த மாத வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. பிறகு அதை யாரும் திரும்பப் போடவில்லை. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததே அதற்குப் பின், 1928-ல்.

ஆகவே நம் சரிவின் ஆறுகளை நடந்து பார்ப்போம். துடுப்புப் பிடிக்க மலைக்கு அந்தப் பக்கம் போவோம்.

எந்தத் தண்ணீர்?

போடிமெட்டு வழியாக ஏறினால் முதலில் வருவது பன்னியாற்றின் குறுக்கே உள்ள ஆனயிறங்கல் அணை. பூப்பாறையைத் தாண்டியதும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் நீர். போடிக்கு மிக அருகில் இருப்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் அது யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும் வழி. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் திரிந்த யானைதான். அதைப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் மே 27 அன்று அது கம்பம் வீதியில் நின்றது. அதே ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் ஆனயிறங்கலில் படகு விடுவதை நிறுத்தச் சொன்னது. மறுபடி திறந்திருப்பதாக யாராவது சொன்னாலும், திறந்ததை உறுதி செய்துகொள்ளாமல் அதை நம்பி மலையேற வேண்டாம். சாலையில் நின்று பார்க்க அருமையான இடம். அந்த அளவில் நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. யானைக்கு அந்தக் கரை நம்மைவிட அதிகம் தேவை.

மூணாறைத் தாண்டி மாட்டுப்பட்டியும் குண்டளையும் உண்டு. குண்டளை அணை 1,700 மீட்டருக்கும் மேலே. தண்ணீர் உண்மையிலேயே சில்லென்று இருக்கும். ஆனால் போடியிலிருந்து மூணாறே கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், அதுவும் மலைச்சாலை. அதற்கும் மேலே ஏறிப் போய், வரிசையில் நின்று, மிதிபடகில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவதைத் துடுப்புப் பயணம் என்று சொல்ல மனம் வரவில்லை. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் அது சரி.

நாள் முழுக்கத் தண்ணீரோடு இருக்க, நம் கையால் துடுப்புப் போட, காட்டுக்குள் ஓர் ஆற்றின் வழியே போக இந்தப் பக்கத்தில் ஒரே இடம்தான்: தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகத்தின் மூங்கில் தெப்பப் பயணம். குமுளியில் ‘பாம்பூ ராஃப்டிங்’ என்று கேட்டால்தான் தெரியும்.

தேக்கடி ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது முங்கிப்போன ஆறு. 1895-ல் பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது பெரியாறும் முல்லையாறும் ஓடிய பள்ளங்களில் தண்ணீர் ஏறி, மரங்களோடு சேர்த்து நிரப்பியது. ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். அதனால் அதற்கு வட்டமான கரை கிடையாது. ஒவ்வொரு ஓடைப் பள்ளத்துக்குள்ளும் ஒரு விரல்போல் நீண்டு நுழையும். தெப்பம் ஒரு வளைவைத் தாண்டியதும் படகுத்துறையின் சத்தம் அறுந்துவிடும். அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் நூறாண்டு தாண்டியும் தண்ணீருக்கு வெளியே நிற்கின்றன, கறுத்து, பட்டையே இல்லாமல். பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அவற்றின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கட்டைகள் பார்க்க அழகு, துடுப்புக்காரனுக்கு எதிரி. வெளியே தெரிவது ஒன்று என்றால், நீர்மட்டத்துக்கு அரையடி கீழே தெரியாமல் நிற்பது வேறொன்று. வழிகாட்டி ஏன் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறார் என்பதற்குக் காரணம் இதுதான். அவருக்கு அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றும் தெரியும்.

எப்போது போவது?

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறது, வைகை அணைக் கணக்கின் பக்கத்திலேயே. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று பார்க்க விவசாயி படிக்கும் அந்த எண்ணைத் துடுப்புக்காரரும் படிக்கலாம். உச்சநீதிமன்றம் 2014 மே 7-ல் அனுமதித்த அளவு 142 அடி. 130-க்கு மேலே இருந்தால் தண்ணீர் புல்வெளி ஓரம் வரை ஏறி நிற்கும். தெப்பம் குறுகிய விரல்களுக்குள்ளும் நுழையும். 115-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் சேற்றுக் கரை அகலமாகத் தெரியும், கட்டைகள் கூடும், நடை நீளும், துடுப்பு குறையும். ஆனால் அப்போது விலங்குகள் திறந்த கரைக்கு வரும். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் நிறைந்த தண்ணீரின் பக்கம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம். அணை நிறையும் காலம் அதுதான், பயணம் ரத்தாகும் காலமும் அதுதான். அக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடி வரும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சிறந்த காலம். செப்டம்பரிலும் நல்ல நாட்கள் கிடைக்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் குமுளியில் 15 டிகிரி வரை குளிர் இறங்கும். தண்ணீரின் மேல் பனிமூட்டம் படிந்திருக்கும்போது தெப்பத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த முதல் அரைமணி நேரத்துக்காகவே போகலாம்.

மார்ச், ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது போடிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காய்ந்த போதைப்புல்லில் தீ ஏறி, மலையேற வந்தவர்களைச் சூழ்ந்து, 23 உயிர்களைக் கொண்டுபோனது. கோடையில் வனத்துறை காட்டை மூடுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் குறுக்குவழியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஐயப்ப சீசனில் கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே போலீஸ் ஒருவழிப் பாதை போடுவார்கள். மேலே போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி, கீழே வருவதை லோயர் கேம்ப் வழியாக விடுவது வழக்கம். அது அமலில் இருக்கிறதா என்று முதல்நாள் கேட்டு, ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவும் வழியும்

முழுநாள் தெப்பப் பயணம் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிவாக்கில் முடியும். ஒரு குழுவில் பத்துப் பேர், கூட ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் என்பது நெடுநாள் ஏற்பாடு. இடம் குறைவு என்பதால் விடுமுறை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம், அல்லது குமுளியில் அவர்களுடைய சூழல் சுற்றுலா மையத்தில் நேரில் கேட்கலாம். விடுதி வாசலில் நின்று டிக்கெட் இருக்கிறது என்று அழைப்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: சாப்பாடு கட்டணத்தில் அடக்கமா, குழந்தைகளுக்கு வயது வரம்பு என்ன, மழையால் ரத்தானால் பணம் திரும்புமா. எல்லோரும் அடையாள அட்டையின் அசலை எடுத்துப் போக வேண்டும்.

வழிகாட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரியாறு காட்டின் மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்களும், ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணம் என்ற காட்டு லவங்கப் பட்டை உரித்து வாழ்ந்தவர்களும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சூழல் மேம்பாட்டுக் குழுக்களாகச் சேர்ந்து, காவலுக்கும் வழிகாட்டலுக்கும் வந்தார்கள். ஒளிந்து நடந்து கற்ற காட்டறிவு இப்போது காட்டைக் காக்கிறது. உங்கள் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்கள் குடும்பங்களுக்குப் போகிறது. பலருக்கு நம் தமிழ் நன்றாகவே வரும். ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுங்கள். தெப்பத்தில் கிடைக்கும் பாதி விஷயம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

போடியிலிருந்து தேவாரம், கோம்பை வழியாகக் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. அறுபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு மணி நேரம் என்று வைத்து, காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏழுக்குக் குமுளியில் இட்லி சாப்பிடலாம். ஐந்து மணிக்குக் கிளம்புவதில் ஒரு சங்கடம் உண்டு. ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அதே நேரத்தில்தான் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து மலையேறும். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, தோட்டத்தில் பேர் கொடுக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர ஓட்டுநர் முடுக்குவார். லோயர் கேம்புக்கு மேலே வளைவுகளில் அவர்களோடு போட்டி போடாதீர்கள். ஒதுங்கி வழிவிடுங்கள், அவர்களுக்கு அன்றைய கூலி, நமக்கு உல்லாசம்.

வாடகை வண்டி என்றால் கேரள பெர்மிட் பணம் யார் கட்டுவது என்று போடியிலேயே பேசி முடித்துவிடுங்கள். தேக்கடிக்குள் சொந்த வண்டி போகாது. ஆனவச்சால் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போடிக்கு ரயிலில் வருகிறவர்கள் (அகலப்பாதையான பின் 2023 ஜூன் 15 முதல் மீண்டும் ரயில் வருகிறது) அதே நாளில் எட்டு மணித் தெப்பத்தைப் பிடிக்க முடியாது. அன்று போடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவைக் குமுளியில் கழிப்பது நல்லது. பேருந்தை நம்பி வருகிறவர்களுக்கும் அதுவே என் யோசனை.

உடையும் மூட்டையும்

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்திக்கும் ஏறக்குறைய அதே குணம்தான். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் சட்டை, லேசான முழுக்கால் பேன்ட். நிறம் பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளையும் சிவப்பும் காட்டில் தூரத்திலிருந்தே உங்களைக் காட்டிக்கொடுக்கும். காலில் வாருள்ள செருப்போ பழைய கான்வாஸ் ஷூவோ; ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும். அட்டைக்கு வனத்துறையே துணியாலான நீள உறை தருவது வழக்கம். அதைப் பேன்டுக்கு மேலே ஏற்றி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காதீர்கள், உப்பு தொட்டு வைத்தால் தானே விழும். சிறிது நேரம் ரத்தம் கசிவது இயல்பு.

மாற்று உடை ஒரு செட் வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். தெப்பத்தில் எடுத்துப்போவது குறைவாக இருக்கட்டும்: ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, மழைக்கோட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை, மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதைக் கட்ட ஒரு கயிறு. பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் காப்பகத்துக்குள் தடை. செல்போனுக்கு வாய் சுருட்டி மூடும் ரப்பர் பை ஒன்று வாங்கிவிடுங்கள். சாப்பாடு நீங்களே கொண்டுபோக வேண்டியிருந்தால் வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. மதியம் வரை கெடாது, இலையையும் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

தெப்பத்தில்

பயணம் நடையில் தொடங்கும். ஏரிக்கரைக் காட்டில் வரிசையாக, பேச்சில்லாமல். காவலர் முன்னே, வழிகாட்டி ஒருவர் கடைசியில். இருவருக்கும் நடுவில் இருங்கள். படம் எடுக்கப் பின்தங்காதீர்கள். கருமந்தி கத்துவதும் இருவாச்சி பறக்கும் இறக்கைச் சத்தமும் கேட்டால் வழிகாட்டியே நிற்பார்.

தெப்பம் என்பது முழு மூங்கில்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் கட்டியது, மேலே உட்கார மூங்கில் பலகை. அதற்கு ஓரச்சுவர் இல்லை. ஆள் ஏறியதும் கொஞ்சம் அமிழும். மூங்கில் இடுக்கு வழியே தண்ணீர் மேலேறிப் பாதத்தை நனைக்கும். பலர் அங்கேயே பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கவிழ்வதற்குக் குழியான வயிறு அதற்கு இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வழுக்கும் மூங்கிலில் ஆட்கள் தண்ணீருக்குள் சரிவார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்த்ததும் ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததும், உயிர்காப்பு உடை உடம்பில் இல்லாததும் அந்தச் சாவுகளோடு சேர்ந்தவை. அந்த நாளை நினைவில் வைத்து இரண்டு விதிகளைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். யானையே வந்தாலும் எழுந்திருக்காதீர்கள், தலையை மட்டும் திருப்புங்கள். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைக்காதீர்கள், போட்டு எல்லா வார்களையும் இறுக்குங்கள். இறுக்கியபின் பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். குழந்தைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட் உதவாது, சின்ன அளவு இல்லையென்றால் பயணத்தையே விட்டுவிடுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இதில் சலுகை கிடையாது.

துடுப்பை இரண்டு கைகளாலும் அகலமாகப் பிடியுங்கள். ஒரு கை துடுப்பின் தலையில், மற்றது தண்டின் நடுவுக்குக் கீழே. கையால் இழுத்தால் சீக்கிரமே தோள் கழன்றுபோகும். முன்னே சற்றுக் குனிந்து, அலகு முழுவதும் தண்ணீரில் முங்கும்படி குத்தி, இடுப்பைத் திருப்பி இழுங்கள். இடுப்பைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுப்பது வீண் உழைப்பு. எதிர்ப்பக்கம் இருப்பவரின் தாளத்தோடு சேருங்கள். தெப்பம் கனமானது, கிளம்பவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். கரையை நெருங்கும்போது வழிகாட்டி சொல்வதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்; பிற்பகலில் காற்று எழும்பும். அகலமான பகுதியை முதலில் கடந்துவிட்டு, திரும்பும்போது கரையோரமாக வருவது அதனால்தான்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று ஏறும் முன்பே எல்லோரும் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் திடீரென்று விழும்போது உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால்தான் மோசம். நீச்சலடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஜாக்கெட் தூக்கிப்பிடிக்கட்டும், தலையைப் பின்னால் சாய்த்து மூச்சு சீராகும் வரை மிதந்திருங்கள். பிறகு தெப்பத்தைப் பிடியுங்கள், அல்லது நீட்டிய துடுப்பைப் பிடியுங்கள். தெப்பத்தில் இருப்பவர்கள் யாரும் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. துடுப்பை நீட்டுவது போதும். ஏறியவரின் நனைந்த சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வையுங்கள். நம் மலையின் தண்ணீர் பனிக்கட்டித் தண்ணீர் அல்லதான். ஆனாலும் தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துப்போகும். ஜனவரிக் காலையில் நனைந்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் விறைத்துப்போய்த் துடுப்புக்கூடப் பிடிக்க வராது. பேச்சுக் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்று சோர்ந்தாலோ, வழிகாட்டியிடம் சொல்லி உடனே கரைக்குத் திருப்புங்கள்.

இடிச் சத்தம் கேட்டாலும் அப்படியே. மின்னல் தூரத்தில்தானே என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

விலங்குகளைப் பார்ப்பது அதிர்ஷ்டம். யானைக்கூட்டம் இந்த ஏரியை நீந்திக் கடக்கும். தும்பிக்கை மட்டும் வெளியே தெரிய, குட்டியை நடுவில் விட்டுப் போகும். செந்நாய்கள் மிளாவைத் துரத்தித் தண்ணீருக்குள் இறக்குவதுண்டு. நீர்நாய்கள் மீனைக் கடித்தபடி கட்டை மேல் ஏறி நம்மைப் பார்க்கும். இவை எதுவும் தென்படாத நாளும் நல்ல நாள்தான். விலங்கு தெரிந்தால் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். கிட்டே போகச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். அவர் மறுப்பார், மறுக்க வைப்பதே அவருக்கு நாம் தரும் தொல்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். நீங்கள் துடுப்புப் போடும் இந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே லோயர் கேம்புக்கு இறங்கி, மின்சாரமாகி, கம்பம் வயலுக்கும் வைகை அணைக்கும் போகிறது. நம் ஊர்களின் குடிநீரும் இதுவே. சோப்பு, எச்சில் இலை, சிகரெட் துண்டு, எதுவும் அதில் விழக் கூடாது.

தெப்பம் இல்லையென்றால்

மழையோ மூடலோ காரணமாகத் தெப்பம் நின்றுபோனால், முட்டி வலிக்காரர்கள் நடக்க முடியாதென்றால், ஒன்றரை மணி நேரப் படகுச் சவாரி இருக்கிறது. முதல் காலைப் படகே நல்லது. துடுப்புக்கு அது ஈடல்ல, ஆனால் வயதானவர்களோடு போகும்போது அதையே நான் தேர்ந்தெடுப்பேன். அதுவும் இல்லையென்றால் லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, கூடலூர் திராட்சைத் தோட்டங்கள் வழியே வீடு திரும்புங்கள். தனியார் யாரோ ஏதோ ஓடையில் காற்றடைத்த படகு விடுகிறார்கள் என்று கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். அவர்களிடம் வழிகாட்டி உண்டா, ஜாக்கெட் உண்டா, மேலே அணை உண்டா என்பதெல்லாம் குமுளிக் கடைவீதியில் நின்றபடி விசாரித்து முடிகிற விஷயம் இல்லை.

திரும்பும்போது

ஐந்து மணிக்கு முடிந்தால், ஆறரைக்குள் லோயர் கேம்ப் இறங்கிவிடப் பாருங்கள். நாள் முழுக்கத் துடுப்புப் போட்டவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுக்காதீர்கள். காலையிலேயே ஒருவரை ஓட்டுநர் என்று ஒதுக்கி, அவருக்குத் துடுப்பு வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளித்து, அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். அட்டை தெரிந்துவிடும், உண்ணி தெரியாது. அடுத்த மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு தட்டியிருந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவரிடம் போய், காட்டுக்குள் நடந்ததையும் ஏரித் தண்ணீரில் நனைந்ததையும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்திலேயே தெரிந்தால் சாதாரண மருந்தில் குணமாகும். கூட வந்தவர்களுக்கும் போன் போட்டு விசாரித்துவிடுங்கள்.